யால்டாவுக்கு முன்பே முடிந்த பேச்சு

இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் போலந்தை 1945 பிப்ரவரியில் நடந்த யால்டா மாநாட்டில்தான் ஸ்டாலினுக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்கிறது நான் படித்த கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. 1943 நவம்பர் இறுதியில் அந்த மூவரும் சந்தித்த டெஹ்ரான் மாநாட்டிலேயே அதன் எல்லை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை நகர்த்தி, போலந்தின் கிழக்குப் பகுதியைச் சோவியத்துக்குக் கொடுத்து, நாட்டை மேற்கே தள்ளலாம் என்று ஸ்டாலினுக்குக் காட்டினார். ரூஸ்வெல்ட்டும் தனியாகச் சம்மதித்தார். 1944 அமெரிக்கத் தேர்தலில் போலந்து வம்சாவளியினரின் ஓட்டு போய்விடும், அதனால் வெளியே சொல்ல முடியாது என்றார். நாடுகடந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசின் பிரதமர் மிகோவாய்சிக்குக்கு இந்தச் சம்மதம் 1944 அக்டோபரில், மாஸ்கோவில், சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலடோவ் போட்டு உடைத்தபோதுதான் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அந்த ஆண்டு மே மாதம் இத்தாலியின் மான்டே காசினோவில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட போலந்து வீரர்களில் பலர் அதே கிழக்குப் பகுதி ஊர்க்காரர்கள். அந்த வீரர்கள் யாருக்கும் சொல்லாமலே மூன்று தலைவர்களும் அவர்களுடைய ஊர்களைப் பேசி முடித்திருந்தார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.