மினாங்கபாவ் வயல் மகனுக்குப் போவதில்லை
"இந்தோனேசியக் கிராமத்தில் நெல்வயலைப் பிரித்தால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அங்கே பரம்பரை வயலும் பெரிய வீடும் தாய்வழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து, தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும், தாய்மாமன் மேற்பார்வை பார்ப்பாரே தவிர அவராலும் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அடகு வைக்கவே வழக்கத்தில் நாலு காரணம்தான்: வீட்டில் பிணம் கிடக்க அடக்கத்துக்குப் பணமில்லை, வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குடும்ப வீடு ஒழுகுகிறது, குலத்தலைவருக்குப் பட்டம் கட்டவேண்டும். அந்தப் பெண்களின் உரிமையை இப்படி ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள். சரி, இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தின் அந்த இரண்டு பங்குக் கணக்கு? அது ஒருவர் தானே சம்பாதித்த சொத்துக்கு. 1952இல் மேற்குச் சுமத்ராவின் புக்கிட்டிங்கி நகரில் உலமாக்களும் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) குலத்தலைவர்களும் கூடி அப்படித்தான் பிரித்து முடிவு செய்தார்கள்.