குழந்தையைத் தேற்றப் போகிறவர்களுக்கு

அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து பேசுகிற பேச்சில் பாதி அந்தக் குழந்தைக்குக் கெடுதல் என்பது என் கருத்து. ரொம்ப நாளாக மனசில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் பொய். "அப்பா வெளியூர் போயிருக்கார்." "பாட்டி தூங்குறாங்க." "சாமிக்கு நல்லவங்களைத்தான் பிடிக்கும், அதான் கூப்பிட்டுக்கிட்டார்." சொல்கிறவருக்கு இது ஆறுதல். நாலு வயசுக் குழந்தையோ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். வெளியூர் போனவர் வரவே இல்லை என்றால் என்மேல் என்ன கோபம்? தூங்கினவர் எழுந்திருக்கவில்லை என்றால் நான் தூங்கலாமா? நல்லவங்களைத்தான் கூப்பிடுவார் என்றால் நான் நல்ல பிள்ளையாக இருப்பது ஆபத்தாச்சே?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா இறந்த பிறகு, 5 வயசுப் பையன் ராத்திரியில் தூங்கமாட்டேன் என்று ஒரே அடம். கண் சொருகும், சட்டென்று எழுந்து உட்காருவான், பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். அம்மா தூங்குவது போலப் படுத்துக்கொண்டு இதைக் கவனித்திருக்கிறார். காரணம் தெரியப் பல நாள் ஆனது. "அப்பா தூங்குறார்டா கண்ணா" என்று அவனிடம் சொன்னது ஒரு சித்தப்பா. பாசத்தில் சொன்னதுதான்.

1948-இல் மரியா நாகி என்ற உளவியலாளர், ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளிடம் மரணம் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் சின்னக் குழந்தைகள் மரணத்தைத் தூக்கமாகவோ பயணமாகவோதான் புரிந்துவைத்திருந்தார்கள். அதாவது, குழந்தைக்கு ஏற்கெனவே இருக்கும் குழப்பத்துக்கு நாமும் போய்த் தூபம் போடுகிறோம். செத்தவர் திரும்ப வரமாட்டார், அவர் உடம்புக்கு இனிப் பசியோ குளிரோ வலியோ கிடையாது, மரணம் எல்லோருக்கும் ஒருநாள் உண்டு, இதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 வயதுக்கும் 7 வயதுக்கும் நடுவில் மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. அதற்கு முன்னால் என்றால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். "அப்பா எப்ப வருவார்?" என்று பத்தாவது தடவை கேட்டால் பத்தாவது தடவையும் அதே பதில், அதே நிதானத்தில்.

என்ன சொல்வது? "அப்பா செத்துப்போயிட்டார். அவர் இதயம் வேலை செய்யறது நின்னுடுச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க, சரிபண்ண முடியல. இனிமே அப்பா வரமாட்டார். நீ செஞ்ச எதுவும், நீ சொன்ன எதுவும் இதுக்குக் காரணம் இல்ல." கடைசி வரியைக் குழந்தை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மூன்று, நாலு, ஐந்து வயதில் தான் மனசில் நினைத்ததே நடந்துவிடும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கும். முந்தின நாள் "போ, உன்கூட பேசமாட்டேன்" என்று அப்பாவிடம் கோபித்துக்கொண்ட பிள்ளை, தானே அவரைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கும். தற்கொலையாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். விவரம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். நாம் மறைத்ததை இன்னொரு பிள்ளை விளையாடும் இடத்தில் போட்டு உடைக்கும். அதற்கப்புறம் அந்தக் குழந்தை நம்மிடம் எதையும் கேட்காது.

அடுத்தது, "பாரேன், அதுக்கு ஒண்ணும் தெரியல, விளையாடிட்டு இருக்கு." இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். குழந்தைகளின் துக்கம் மழைத்தண்ணீர்க் குட்டையில் குதிப்பதும் ஏறுவதும் போல என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். பத்து நிமிஷம் தேம்பி அழும், அடுத்த நிமிஷம் பந்து எங்கே என்று தேடும். இரண்டும் நிஜம். பெரியவர்களுக்கே இது பொருந்தும் என்று 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். இழப்புக்குள் கொஞ்ச நேரம், அன்றாட வேலைக்குள் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருவதுதான் துக்கத்தின் இயல்பு. ஆனால் நம் ஆட்களிடம், துக்கம் என்றால் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று வரிசையாக வரும் என்கிற ஐந்து கட்டக் கதைதான் நிலைத்துவிட்டது. "இப்ப அவன் கோபக் கட்டத்துல இருக்கான்" என்று வாட்ஸ்அப்பில் விளக்கம் தருகிறவர்களுக்கு ஒரு தகவல்: எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்தக் கட்டங்களை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு; உறவைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பார்த்து அல்ல.

இறுதிச் சடங்குக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா? அங்கே என்ன நடக்கும், யார் அழுவார்கள், உடம்பு எப்படி இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, "வர்றியா?" என்று கேளுங்கள். வந்தால் கூடவே ஒரு பெரியவர் இருக்கட்டும், "போதும்" என்றதும் வெளியே அழைத்துப் போக. பிரிட்டன் இளவரசி டயானாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் 1997-இல் அவருடைய பிள்ளைகள் நடந்ததை உலகமே பார்த்தது. அப்போது ஹாரிக்கு 12 வயது. எந்தக் குழந்தையையும் அப்படி நடக்கச் சொல்லக்கூடாது என்று இருபது வருஷம் கழித்து அவர் சொன்னார். கட்டாயப்படுத்திக் கொண்டுபோய் நிற்கவைப்பதும் தப்பு, வரவிடாமல் கதவைச் சாத்தி வைப்பதும் தப்பு.

அப்புறம் அந்த வசனம். "நீதான் இனி இந்த வீட்டுக்கு ஆம்பளை. அம்மாவை நீதான் பார்த்துக்கணும்." பத்து வயசுப் பையனிடம்! பெண் பிள்ளை என்றால் "நீ அழுதா அம்மா உடைஞ்சுடுவா." அந்த வீட்டில் அவர்கள் குழந்தையாக இருக்கும் உரிமையை ஒரே வரியில் பிடுங்கிவிட்டு, அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

இத்தனையும் சொல்லிவிட்டேன், ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. குழந்தைக்கு உதவ வேண்டும் என்றால், உயிரோடு இருக்கும் அந்த அம்மாவையோ அப்பாவையோ தாங்குங்கள். அமெரிக்காவில் வில்லியம் வேர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மனும் நடத்திய ஆய்வில், பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது, மிச்சமிருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதுதான். அதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. பெற்றோரை இழக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் முதல் ஆண்டில் அவ்வளவாகத் தெரியாத வித்தியாசம் சில பிள்ளைகளிடம் இரண்டாம் ஆண்டில்தான் வெளியே வந்தது. நாம் எல்லோரும் "பரவால்ல, தேறிட்டாங்க" என்று நம் வேலையைப் பார்க்கப் போன பிறகு.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழுவினர் இதே அடிப்படையில் 12 அமர்வுகள் கொண்ட ஒரு திட்டம் நடத்தினார்கள். பிள்ளைகளுக்குத் தனியாக, அவர்களை வளர்ப்பவர்களுக்குத் தனியாக. வளர்ப்பவர்களுக்குச் சொல்லித்தந்தது பெரிய தத்துவம் எதுவும் கிடையாது: தினமும் பிள்ளையோடு கொஞ்ச நேரம் தனியாக இருங்கள், அவர்கள் பேசினால் குறுக்கே விழாமல் கேளுங்கள், வீட்டு ஒழுங்கைத் தளரவிடாதீர்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அதன் பலன் தெரிந்தது.

படுக்கப் போகும் நேரம், பள்ளி கிளம்பும் நேரம், வீட்டுப்பாடம். இவை குலையாமல் இருந்தால் குழந்தைக்குக் காலடியில் தரை இருக்கும். ஆனால் துணையை இழந்தவர், வங்கிக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலைந்துகொண்டு, ராத்திரி தூக்கமும் இல்லாமல் அதை எப்படி நடத்துவார்? இங்கேதான் நமக்கு வேலை. "எது வேணும்னாலும் கூப்பிடுங்க" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள். "வியாழக்கிழமை ஸ்கூல்லேர்ந்து பசங்களை நான் கூட்டிட்டு வரேன், ஆறு மணி வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும், நீங்க படுத்துத் தூங்குங்க." இப்படிச் சொல்லுங்கள். அதையே அடுத்த வியாழனும் செய்யுங்கள். ஒரு வருஷம் கழித்தும் செய்யுங்கள். வகுப்பாசிரியரிடம் நடந்ததை முன்கூட்டிச் சொல்லிவைப்பதையும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் "அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்று அவர் தெரியாமல் சொல்லிவிடுவார்.

மூன்றாவது வாரமே மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் பிள்ளை யாரோடும் ஒட்டாமல் இருந்தால், படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் சரிந்துகொண்டே போனால் போய்க் காட்டுங்கள். நீடித்த துக்கத்தை நோயாகக் கணிக்க, அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்று வைத்திருக்கிறது. "நானும் அப்பாகிட்ட போகணும்" என்ற பேச்சு வந்தால் அந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். பல சமயம் அது வெறும் ஏக்கமாக இருக்கும். அதை ஒரு மருத்துவர் சொல்லட்டும்.

இன்னொன்று பாக்கி. அந்த வீட்டில் இறந்தவர் பெயரை எடுக்கவே பயப்படுகிறோம், எடுத்தால் பிள்ளை அழுமாம். அழட்டும். இறந்தவரை மறந்தால்தான் தேறலாம் என்ற பழைய எண்ணத்தை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுவிட்டார்கள். அவரோடு ஏதோ ஒரு விதத்தில் உறவைத் தொடர்ந்துகொண்டேதான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1982 முதல் நடக்கும் டகி சென்டரில், ஒரே மாதிரி இழப்பைச் சந்தித்த பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து விளையாடுவார்கள், பேசுவார்கள். அங்கே பெரியவர்களுக்கு முக்கிய வேலை கேட்பது. நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் இறந்தவரோடு படித்தவர்களாக, வேலை பார்த்தவர்களாக நாம் இருக்கிறோம். அவரைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரியாத சேதி நம்மிடம் இருக்கிறது. அவர் பரீட்சையில் கோட்டை விட்டது, சைக்கிளில் விழுந்து பல் உடைந்தது, எதுவானாலும் சரி. "உங்க அப்பாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ரெண்டு மாசம் கழித்து மறுபடி கேளுங்கள்.