வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தால் போதுமா?

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் டெல்லித் தமிழர் குழுவில் அந்த ஆர்.கே.புரம் பெண்ணை ஆளாளுக்கு வறுத்தெடுக்கிறீர்கள். பிரசவம் முடிந்த கையோடு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியை வைத்துவிட்டார்கள். அவளுக்கே டிஸ்சார்ஜ் கார்டைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. அதற்கு நம் பெரியவர்களின் தீர்ப்பு: "வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரே, அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? உடம்பு அவளுடையது. அவளைத்தான் கேட்க வேண்டும்.

சமீரா கோலி வழக்கு தெரியுமா? இதே டெல்லிதான். 1995ல், பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்த பெண்ணுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டார்கள். அவசரம் ஒன்றுமில்லை, அம்மாவின் சம்மதம் செல்லாது, நல்லெண்ணத்தில் செய்திருந்தாலும் தப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 2008ல் சொன்னது. இழப்பீடு 25,000 ரூபாய். ஆமாம், அவ்வளவுதான்.

என் மூத்தவன் பிறந்ததும் இந்த ஊரில்தான். கவுன்டரில் நூல் கட்டிய பேனாவால், டிக் அடித்த இடத்திலெல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், கேஸ் கனெக்‌ஷன் வாங்குகிற மாதிரி. உள்ளே நான் கத்தியதற்கு சிஸ்டர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அப்போது எனக்கு இந்தி அரைகுறை, ஆனால் அது நன்றாகவே புரிந்தது. குழந்தை வெளியே வர பிறப்புறுப்பின் வாயை வெட்டியிருக்கிறார்கள், தையல் போடும்போதுதான் அதுவே தெரியும். எல்லோருக்கும் வழக்கமாக வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் சொல்லிவிட்டது. அம்மாவைக் கதவருகில்கூட நிற்க விடவில்லை. தமிழ்நாட்டில் 2004லேயே பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரு சிஸ்டர் பத்துப் பேரைப் பார்க்கணும், பாவம்." சரி, பாவம்தான். அதற்காக?

"அந்த வலியில் உட்கார்ந்து விளக்க முடியுமா?" ஏன் அந்த வலியில் விளக்க வேண்டும்? மாதாமாதம் செக்கப்புக்குப் போனாளே, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா? காப்பர்-டியைப் பற்றி அப்போதே பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். நான் காப்பர்-டிக்கு எதிரி இல்லை, டாக்டருக்கும் எதிரி இல்லை. கேட்டுவிட்டு வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"குழந்தை நல்லாப் பிறந்துச்சே, சந்தோஷப்படாம..." என்று எழுதிய அக்கா, உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கும் அன்றைக்கு எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் கேஸ் ஷீட், அதாவது தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது. விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன், இன்பாக்ஸுக்கு வரட்டும். மற்றவர்கள் கமெண்டில் திட்டிக்கொள்ளுங்கள்.