இலேசான வண்டி, பலமான எரிச்சல்

குன்னூரில் சரக்கு இறக்க இரண்டு சக்கரத் தள்ளுவண்டி கேட்டால், கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "அலுமினியம் சார், ஒற்றைக் கையால் தூக்கலாம்." தூக்கலாம்தான். 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றிய பிறகு? வண்டியின் எடை குறைந்தால் மேட்டில் மூட்டையும் இளைத்துவிடுமா?

அடியில் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம். முதல் படியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. கல் இடுக்கில் இறங்கினால் எழுந்து வருவதாக உத்தேசமே இல்லை. காற்றடைத்த 10 அங்குலச் சக்கரம் கேட்டால், பஞ்சராகும் என்று அறிவுரை. ஆகட்டுமே, ஒட்டிக்கொள்கிறேன்!

இறக்கத்தில் பிடிக்க பிரேக் உண்டா என்றேன். "கோயம்புத்தூரில் யாரும் கேட்பதில்லையே சார்" என்றார். ஏன் கேட்கப் போகிறார்கள்? அங்கே சாலை படுத்துக் கிடக்கிறது.