ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது) முடித்த அன்றே கொடைக்கானல் போகலாமா?

"டைவ் அடித்த அன்று விமானத்தில்தான் ஏறக்கூடாது, காரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். காலையில் ராமேஸ்வரத்தில் பவளப்பாறை பார்த்துவிட்டு, மதுரையில் சாப்பிட்டு, ராத்திரி கொடைக்கானலில் தூங்கலாம்" என்று ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பாதி சரி, மீதி ஆபத்து.

சிக்கல் விமானத்தில் இல்லை, காற்றழுத்தத்தில் இருக்கிறது. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா மூடியைத் திறந்த மாதிரி, குமிழிகள் உருவாகலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அப்புறம் என்ன வித்தியாசம்? வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே அழுத்தக் குறைவுதான்.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். 24 என்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. மதுரை தாழ்வான ஊர், அன்று இரவு தாராளமாகத் தங்கலாம். ஜிகர்தண்டா குடிக்க ஒரு சாக்கு. இல்லையென்றால் கொடைக்கானலை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

மலையில் மூட்டு வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டைவ் அடித்ததைச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.