எத்தனை நாடு என்று கேட்காதீர்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும். "ஷெங்கன் விசா போடப் போறோம், 10 நாள், வண்டி எடுத்துக்கிட்டா எத்தனை நாடு கவர் பண்ணலாம்?" ஷெங்கன் என்றால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் 11 வருஷமாக இருக்கிறோம் என்பதால் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இந்த முறை இங்கேயே எழுதிவிடுகிறேன். எத்தனை நாடு என்று பார்க்காதீர்கள். எந்த ஊரில் என்றைக்கு என்ன விசேஷம் என்று பாருங்கள், அந்த நாளை வைத்துப் பயணத்தைப் போடுங்கள். குழந்தைகளையும் வயதான அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைக் கெஞ்சியே சொல்வேன்.

நாங்களும் நாடு எண்ணிக்கொண்டு போனவர்கள்தான். 2022 ஆகஸ்ட், என் நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. ஒன்பது பேர் அமரும் வேன் எடுத்து சூரிச், மிலான், வெனிஸ், லுப்லியானா, வியன்னா, பிராக் என்று ஒரு சுற்று, மொத்தம் 2,200 கிலோமீட்டருக்கு மேல், 9 நாள். சுவிட்சர்லாந்து, ஸ்லோவேனியா, ஆஸ்திரியா, செக் என நான்கு நாட்டுக்கும் தனித்தனி விக்னெட் (நெடுஞ்சாலையில் ஓட்டக் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி), இத்தாலியில் டோல். கடந்துபோக ஒரே நாள் போதும் என்றாலும் சுவிட்சர்லாந்தில் வருஷ விக்னெட்தான், 40 பிராங்க். பணத்தை விடுங்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கோட்ஹார்ட் சுரங்கப்பாதை 16.9 கிலோமீட்டர் நீளம், அதற்கு முன்னால் கோடை விடுமுறைச் சனிக்கிழமையில் வரிசையாக நிற்கும் வண்டிகள் அதைவிடப் பெரிய காட்சி. இரண்டு மணி நேரம் நின்றோம். சின்னவளுக்கு வாந்தி. வெனிஸில் கால் வைத்தது நான்கு மணி நேரம், அதில் வண்டி நிறுத்த இடம் தேடியது ஒரு மணி நேரம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பெரியவனுக்கு "விடுமுறையில் உனக்குப் பிடித்த நாள்" என்று கட்டுரை கொடுத்தார்கள். அவன் வெனிஸையும் எழுதவில்லை, வியன்னா அரண்மனையையும் எழுதவில்லை. கோட்ஹார்ட் வரிசையில் பக்கத்து வண்டிக்காரர் தர்பூசணி வெட்டிக் கொடுத்ததை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, மொத்தப் பயணத்தில் அவனிடம் யாரோ ஒருவர் நின்று பேசிய ஒரே இடம் அதுதான்.

நாள் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முந்தைய கதை ஒன்றும் இருக்கிறது. வந்த புதிதில், 2015 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாம் என்று மூன்று வயதுப் பிள்ளையோடு 200 கிலோமீட்டர் ஓட்டி நியூரம்பெர்க் போனோம். அந்தச் சந்தை 24-ஆம் தேதியே முடிந்துவிடும். சதுக்கத்தில் பூட்டிய மரக்கடைகள்தான் இருந்தன. 25, 26 இரண்டும் அரசு விடுமுறை, பால் வாங்கக்கூடக் கடை கிடையாது, கடைசியில் பெட்ரோல் பங்கில் காய்ந்த பிரெட்செல் ரொட்டி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தோம். இங்கே கிறிஸ்துமஸ் என்பது அதற்கு முந்தைய நான்கு வாரம், அட்வென்ட். 24 மதியத்துக்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்குள்ளே போய்விடுவார்கள், நம் ஊர் மாதிரி பண்டிகை அன்றைக்குத் தெரு கலகலப்பாக இருக்காது. டிசம்பரில் வருகிறவர்கள் 20-ஆம் தேதிக்கு முன்பே சந்தையை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருஷம் அப்பா வந்திருந்தார். மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊர், 72 வயது, வாழ்நாள் முழுக்க மாடும் மண்ணுமாக இருந்தவர். இங்கே அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கார் எண்ணிக்கொண்டிருந்தார். பாரிஸ் கூட்டிப்போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் வேண்டாம் என்றேன். தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஆல்கோய் என்ற பகுதி, எங்கள் வீட்டிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். உல்ம் வரை ஒரு நெடுஞ்சாலை, அப்புறம் கெம்ப்டன் வழியாக நேர் தெற்கு. அங்கே பாட் ஹிண்டலாங் என்ற ஊரில் செப்டம்பர் 11 அன்று ஃபீஷைட். தமிழில் சொன்னால் மாடு பிரிக்கிற நாள். ஜூனில் மலைமேல் மேய்ச்சலுக்கு ஏறிய மாடுகள் ஏறக்குறைய 100 நாள் கழித்துக் கீழே இறங்கும், ஊர் எல்லையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் மாட்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போவார். நல்லவேளை எங்கள் மாநிலத்தில் பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. (ஜெர்மனியில் பள்ளி நாளில் பிள்ளையை நிறுத்திச் சுற்றுலா போனால் அபராதம் உண்டு, இங்கே குடியிருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

முந்தின நாளே போய் ஒரு விவசாயி வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கினோம். காலையில் மாடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம்தான் கேட்டது. மலைப்பாதையிலிருந்து மணிச் சத்தம், சின்ன மணி இல்லை, ஒவ்வொன்றும் குடம் அளவுக்கு இருக்கும், அகலமான தோல் பட்டையில் கழுத்தில் கட்டியிருப்பார்கள். நூறு மாடு ஒன்றாக இறங்கும்போது அது நெஞ்சுக்குள் அடிக்கிறது. பழுப்பு மாடுகள், மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். மந்தைக்கு முன்னால் ஒரு மாடு மட்டும் தலையில் பெரிய கிரீடம் போல ஒன்றைச் சுமந்து வந்தது, ஊசியிலைக் கிளைகள், மலைப்பூக்கள், பட்டு நாடாக்கள், நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி.

அப்பா அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, அது திருஷ்டிக்கா?"

பக்கத்தில் நின்ற விவசாயி வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். ஆமாம், கெட்ட ஆவி வந்தால் அதன் முகத்தையே அது பார்த்துப் பயந்து ஓடட்டும் என்று வைப்பார்களாம், மணிச் சத்தமும் அதற்குத்தானாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், புதிதாக எதையும் கேட்டதாகவே அவர் முகத்தில் தெரியவில்லை.

மூன்றாவதாக வந்த மந்தையில் கிரீடம் இல்லை. மணி மட்டும்தான். சின்னவள் ஏமாந்துபோய் "இதுக்கு ஏன் பூ இல்ல?" என்று கேட்டாள். அந்தப் பாட்டி சொன்னது இது: கோடையில் மேலே ஒரு மாடு செத்துப்போனாலோ விபத்து நடந்தாலோ அந்த மந்தை அந்த வருஷம் பூ சூடாது. நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, அப்பா பேத்தியைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னார், "துக்கம் நடந்த வீட்டுல அந்த வருஷம் பொங்கல் வைக்க மாட்டோம்ல, அது மாதிரிடா கண்ணு." அவளுக்கு ஏழு வயது. இங்கேயே பிறந்தவள், மாட்டுப் பொங்கலை வீடியோ காலில் மட்டும் பார்த்தவள். அன்றைக்கு அவளுக்கு இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் புரிந்தது. நான் பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் அது வந்திருக்காது.

மாடு பிரிக்கும் இடத்தில் அப்பா இரண்டு மணி நேரம் நகரவில்லை. மூக்கணாங்கயிறே இல்லாமல் இவ்வளவு பெரிய மாட்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தோல் டவுசர் போட்ட ஒரு பையன் மாட்டின் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, தோளால் அதன் கழுத்தை முட்டித் திருப்பினான், மாடு திரும்பியது. "நல்லாப் பழக்கியிருக்கான்" என்றார். அப்புறம் அந்தப் பையனே அப்பாவைப் பார்த்துச் சிரித்து, வா என்று கையைக் காட்டினான். அப்பா போய் மாட்டின் தாடைக்குக் கீழே சொறிந்து கொடுத்தார், அது கழுத்தை நீட்டியது. இருவருக்கும் பொது மொழி ஒரு வார்த்தை கிடையாது.

மதியம் சீஸும் வதக்கிய வெங்காயமும் போட்ட கேஸ்ஷ்பாட்சன், நூடுல்ஸ் மாதிரி ஒரு உணவு. அப்பா அதிலேயே ஊறுகாய் போட்டுச் சாப்பிட்டார். ஒரு கோட்டையைப் பார்க்கவில்லை, ஒரு டிக்கெட் வாங்கவில்லை.

இதை எழுதினால் "அங்கேயே இருக்கிறவங்களுக்குச் சரி, நாங்க லட்சக்கணக்கில் செலவு பண்ணி ஒரே தடவை வர்றோமே" என்று கேட்பீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதே 10 நாளை ஒரே இடத்தில் அறை எடுத்து, சுற்றி ஒரு மணி, ஒன்றரை மணி தூரத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். தினமும் பெட்டி கட்டுவது கிடையாது, பிள்ளைகள் தூங்குவார்கள், வயதானவர்கள் மருந்தை நேரத்துக்குப் போடுவார்கள். தூரமாக ஓட்ட வேண்டிய நாளை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், ஜெர்மனியில் அன்று இரவு 10 மணி வரை பெரிய லாரிகளுக்குத் தடை, சாலை காற்றாட இருக்கும். குளிர்காலம் என்றால் வாடகை வண்டியில் குளிர்கால டயர் இருக்கிறதா என்று எடுக்கும்போதே குனிந்து பாருங்கள், பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும்.

விசேஷத்துக்கும் இங்கே பஞ்சமே இல்லை. நவம்பர் 11 மார்ட்டின் நாளில் வாண்டுகள் எல்லாம் தாங்களே செய்த காகித விளக்கைக் குச்சியில் தொங்கவிட்டு இருட்டில் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும், அது முடிந்து சில வாரத்தில் எங்கள் பால்கனியில் கார்த்திகை விளக்கு. ஜனவரி 6-ஐ ஒட்டி மூன்று ராஜாக்கள் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக வந்து பாடி, நிலைவாசலில் சாக்பீஸால் வருஷத்தையும் மூன்று எழுத்தையும் எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் வாசலில் இந்த வருஷம் எழுதியதும் இருக்கிறது, அதற்குக் கீழே மாவிலைத் தோரணமும் இருக்கிறது.

அடுத்து பிப்ரவரி 22, அதே ஆல்கோய். சாம்பல் புதனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) அடுத்த ஞாயிறு அங்கே ஃபுங்கன், ஊருக்கு வெளியே மரத்தைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் குளிர்காலத்தை விரட்ட ஒரு சூனியக்காரி பொம்மையைக் கட்டி, இருட்டியதும் கொளுத்துவார்கள். வீடுகளில் மிச்சமான கிறிஸ்துமஸ் மரங்களையும் ஜனவரியிலேயே ஊர் இளைஞர்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்து வைப்பார்கள். மறுநாள் திங்கள் பள்ளி இருக்கிறது, இரவே 200 கிலோமீட்டர் திரும்பி ஓட்டணும், ஆனாலும் போகிறோம்.

போகியன்று அப்பாவிடம் போனில் சொன்னேன். எங்கள் ஊர் சிவன் கோயில் வாசலில் கார்த்திகைக்கு அவர்தான் பனை வெட்டிக்கொண்டு வந்து சொக்கப்பனை நடுவார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பனையே இல்லாத ஊர்ல எந்த மரம்மா வெக்கிறாங்க? ஈரமா இருந்தா புகையும், சொல்லு அவங்ககிட்ட" என்றார்.