'டிங்' சத்தம் அமெரிக்கச் சிப்பாய்களைக் காட்டிக்கொடுத்ததா?

இரண்டாம் உலகப்போரில் எம்-1 கேரண்ட் துப்பாக்கியின் 'டிங்' ஒலிக்காக எதிரிகள் காத்திருந்து, அது கேட்டதும் பாய்ந்து சுட்டார்கள் என்றொரு பதிவு சுற்றுகிறது. ஒலி உண்மை, கதை நிற்காது.

ஜான் கேரண்ட் வடிவமைத்து, 1936-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற இந்தத் துப்பாக்கியில் 8 தோட்டாக்கள் அவற்றைப் பிடித்துவைக்கும் ஓர் எஃகு கிளிப்போடு சேர்ந்தே உள்ளே போகும். எட்டாவது குண்டு சுட்டதும் காலி கிளிப் மேலே தெறிக்கும், போல்ட் (தோட்டா அறையை மூடும் நகரும் பாகம்) திறந்தபடி நிற்கும். அந்தத் தெறிப்புதான் 'டிங்'.

பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் முழங்கும் களத்தில், நூறு மீட்டர் தள்ளி இருப்பவன் காதில் இது விழுவதே அரிது. விழுந்தாலும் என்ன? புது கிளிப்பை அழுத்திச் செருகச் சில நொடிகள் போதும். அதோடு 12 பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குத் தீர்ந்தால் மற்றவர்களுக்கும் தீர்ந்துவிடுமா?

'பாதி சுட்ட கிளிப்பைக் கழற்றவே முடியாது' என்ற ஒட்டுக்கதையும் தவறு. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, இடப்பக்கத் தாழ்ப்பாளை அழுத்தினால் மிச்சத் தோட்டாக்களோடு வெளியே வரும். குறையுள்ள கிளிப்பில் துப்பாக்கிக்குள்ளேயே தோட்டா சேர்ப்பதுதான் தொல்லை.